டாக்டரம்மா தனியாக வாழவில்லை

சேத்தியாத்தோப்பில் ஆற்றுப்பாலம் இறங்கியதும் இடது கைப்பக்கம் தெரிகிற பெரிய கல்யாண மண்டபம் நான் கட்டியது. களிமண் பூமி, அஸ்திவாரம் நிற்காது என்று படித்த எஞ்சினியர்கள் இரண்டு பேர் கையை விரித்த இடம் அது. குறிஞ்சிப்பாடியில் நெசவாளர் தெருவுக்குப் பின்னால் மூன்று மாடியாக நிற்கிற பள்ளிக்கூடம் நான் கட்டியது. வடலூரில் நீங்கள் மாத்திரை வாங்குகிற, மிட்டாய் வாங்குகிற கடைவரிசை முழுவதும் நான் கட்டியது. ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். வரைபடத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எனக்குப் படிக்க வராது. ஆனால் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் எந்தக் கோடு தப்பாகப் போகிறது என்று சொல்லிவிடுவேன். எல்லாம் நானாகவே சாதித்தது என்று மேடைக்கு மேடை பேசியிருக்கிறேன். கேட்டு நீங்களும் கை தட்டியிருக்கிறீர்கள்.

இப்போது, சின்ன வயதில் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் ஒன்றாகத் திரிந்த நாமெல்லாம் ஐம்பதைத் தொட்டுக்கொண்டு, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, ஒன்றுகூடப் போகிறோம். மண்டபம் என்னுடையது. நினைவு மலர் அச்சடிக்கும் வேலை உங்கள் குழுவுடையது. அதில் டாக்டரம்மாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். போன வாரம் என் மகள் அதைப் படித்துக் காட்டினாள். ‘இந்த வட்டாரத்தில் அறுவைக் கத்தி பிடித்த முதல் பெண். திருமணம் செய்துகொள்ளாமல், தனியாக வாழ்ந்து, சேவைக்கே தம்மை அர்ப்பணித்தவர்.’

முதல் வரி சரி. அடுத்த வரியில் ‘தனியாக’ என்று இருக்கிறதே, அது பொய். நீங்கள் தெரிந்து எழுதிய பொய் இல்லை. தெரிந்தவன் நான்தான். அதனால் மகளை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. நீங்களெல்லாம் பிளாக்குகளில் இருந்தீர்கள். நாங்கள் டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில். அப்பா கான்ட்ராக்டரிடம் கொத்தனார். பகலெல்லாம் டவுன்ஷிப்புக்குள் சுவர் வைப்பார், ஓட்டை அடைப்பார். ஷிஃப்ட் சங்கு ஊதியதும் வெளியே வந்துவிடுவார். அவர் பூசிய வீடுகளில் பெர்மனென்ட் ஆட்கள் குடியிருந்தார்கள். ஒருநாள் அவரும் பெர்மனென்ட் ஆவார், எங்களுக்கும் ஒரு குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் எடுக்காமல் தியேட்டர் சுவரேறிக் குதித்தோமே, நினைவிருக்கிறதா? நீங்கள் மூன்று பேர் பத்திரமாக உள்ளே விழுந்தீர்கள். சுவர் மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லில் என் வலது கை மாட்டியது. உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்துவிட்டது. முதலில் வலிக்கவே இல்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடக்கச் சொன்னால் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றதுதான் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் குமாஸ்தா முதலில் கேட்டது, “மெடிக்கல் புக் எங்க?” பெர்மனென்ட் தொழிலாளியின் குடும்பத்தார் பெயரெல்லாம் எழுதிய புத்தகம் அது. எங்களிடம் ஏது? அப்போதுதான் உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்தார். குட்டையான உருவம், கிராப்பு மாதிரி வெட்டிய தலைமுடி, நெற்றியில் விபூதிக் கீற்று. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்.

“காயம் நம்ம எல்லைக்குள்ளதானே பட்டிருக்குது? எம்பேருல எழுதிக்குங்க” என்றார்.

அப்பா கை கட்டிக்கொண்டு நின்றார். “ஏங்க, பெரிய டாக்டரு இல்லீங்களா? பிரசவம் பாக்குற அம்மாவ அனுப்பிட்டாங்களே.”

“பிரசவம் பாக்கறவங்க மாடீல இருக்கறாங்க. நான் அறுத்துத் தைக்கறவ.”

“பொம்பளங்களா?”

“ஏனுங்க, ஆம்பள டாக்டரு லீவுல போயிருக்கறாரு. வர நாலு நாளு ஆகும். அதுவரைக்கும் இந்தக் கையை நீங்க புடிச்சுட்டு நிக்கறீங்களா?”

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று அப்பா கைநாட்டு வைத்தார். டாக்டரம்மா என் பக்கம் குனிந்தார். “கண்ணு, வெரலை இழுக்கறதுக்கு உள்ளுக்குள்ள கயிறாட்டம் ஒண்ணு ஓடுது. அறுந்து மேல ஏறி ஒளிஞ்சிருக்குது. தேடிப் புடிச்சு முடிச்சுப் போட்டுரலாம். பயந்துக்காத.” ஸ்பிரிட் வாசனையோடு எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் குச்சி மாதிரி இருந்தன. தினமும் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிச்சுப் போட்டது வீண் என்றார். புத்தகம் இல்லாதவனைத் தினமும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்ல முடியாது. “சாயங்காலம் வீட்டுக்கு வந்துரு” என்றார்.

பெரிய குவார்ட்டர்ஸ். பலா மரம், இரண்டு மா மரம், பின்பக்கம் வேலையாட்களுக்கென்று ஓர் அறை கொண்ட அவுட் ஹவுஸ். நான் போனபோது ஓர் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி நரைத்த தலை, நூல் சேலை, கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு.

“செவுரு ஏறனவன் நீதானா? வா, குந்து. உனுக்கோசரம் வெங்காயம் எடுத்து வெச்சிகினு இருக்கேன்.”

அவர்தான் டீச்சரம்மா. கடலூர்க்காரர். குறிஞ்சிப்பாடியில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் வருவார். சின்ன வெங்காயம் உரிப்பதுதான் எனக்கு மருந்து. கட்டை விரலும் அந்த இரண்டு விரல்களும் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும், இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முதல் நாள் ஒரு வெங்காயத்துக்கு அரைமணி நேரம் ஆனது. கண்ணீர் வலியாலா வெங்காயத்தாலா என்று யாரும் கேட்காதது வசதியாக இருந்தது.

டாக்டரம்மா என் உள்ளங்கையைப் பிரித்து டீச்சரம்மாவிடம் காட்டுவார். “பாத்தியா, எப்படி என்ற வேலை?”

டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். “இன்னாது இது, கோணி தெச்ச மாதிரி கீது? எட்டாங் கிளாஸ் பொண்ணுகிட்ட குடுத்திருந்தா நேரா போட்டிருக்கும்.”

“உன்ற துணி ரத்தம் கக்காது, புள்ளே.”

“கக்காத துணியில முடிச்சு போட உனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? அத்த சொல்லு இவன்கிட்ட.”

சொன்னார். டாக்டருக்குப் படிக்கும்போது கத்தி பிடிக்கிற வகுப்பில் பையன்களைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம், பெண்களைப் பிரசவ வார்டுக்குப் போ என்பார்களாம். விடுதிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்க வந்த ஒரு பெண்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கிழிசல் துணிகளைக் கொண்டுவந்து, ஒற்றைக் கையால் முடிச்சுப் போடப் பழக்கினாளாம். அந்தப் பெண்தான் டீச்சரம்மா. அன்றிலிருந்து சேர்ந்தே இருக்கிறார்களாம். அப்போதே இருபத்திரண்டு வருஷம்.

டாக்டரம்மாவின் மொபெட் சத்தம் தெருமுனையில் எங்களுக்குக் கேட்பதற்கு முன்பே டீச்சரம்மாவுக்குக் கேட்டுவிடும். பழுப்புக் கரிக்கட்டி அடுப்பில் வெந்நீர் ஏறிவிடும். நம் எல்லார் வீட்டிலும் இருந்த அந்தக் கரிக்கட்டி வாசனை இப்போது எங்கே தேடினாலும் கிடைப்பதில்லை. டாக்டரம்மா பின்படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டுவார். ஆபரேஷனுக்கு முன்னால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதில் தோல் வெடித்திருக்கும். டீச்சரம்மா ஒவ்வொரு விரலாகத் தேங்காய் எண்ணெய் தடவுவார். என் அப்பாவும் அம்மாவும் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளறையில் ஒரே ஒரு அகலக் கட்டில், ஒரே மாதிரி பூவேலை செய்த இரண்டு தலையணை, இந்தப் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடி, அந்தப் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடி. இவர்கள் இரண்டு பேரும் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. அதில் வியப்பதற்கு ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை. தன்பாலீர்ப்பு என்று தமிழில் அதற்கு வார்த்தை இருக்கிறதாம், லெஸ்பியன் என்று ஆங்கிலத்திலும் சொல்வார்களாம். என் மகள் சொல்கிறாள். இரண்டையும் எழுது என்றேன்.

பெரியவர்களுக்குத்தான் புரியவில்லை. எதிர்வீட்டு அம்மா, டாக்டருக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றார். பால்காரர், கதியற்ற விதவைச் சொந்தம் என்றார். என் அப்பா, வேலைக்காரி என்று நினைத்தார். தண்ணீர் ஊற்றுகிறார், வெங்காயம் உரிக்க வைக்கிறார், நூல் சேலை கட்டுகிறார், வேறென்ன நினைப்பார்?

என் நடுவிரல் உள்ளங்கையைத் தொட்ட அன்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த நரைத்த தலை அம்மாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு என் அம்மா போய்ச் சம்பளம் இல்லாமல் வேலை செய்வது. அவுட் ஹவுஸில் நாங்கள் தங்கிக்கொள்வது. நன்றிக்கு நன்றியும் ஆயிற்று, டவுன்ஷிப்புக்குள் குடிபோன மாதிரியும் ஆயிற்று. டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நேராகக் குவார்ட்டர்ஸ் ஆபீசுக்குப் போனார்.

“டாக்டரம்மா வூட்ல வேல செய்ற அம்மாவுக்கு வயசாயிடுச்சுங்க. அவங்களுக்குப் பதிலா எங்க வூட்டுக்காரி பேர எழுதிக்குங்க.”

அவர்கள் ஃபைலைப் புரட்டினார்கள். அந்த வீட்டில் வேலையாள் என்று யாரும் பதிவில் இல்லை. குடும்பப் பட்டியலில் டாக்டரம்மா பெயர் மட்டும். அப்படியென்றால் அங்கே குடியிருக்கும் அம்மா யார்? பதிவில் இல்லாத வெளியாளைக் குவார்ட்டர்ஸில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், ஓர் அதிகாரி படிவத்தோடு வந்தார். பின்னாலேயே என் அப்பா, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. அவுட் ஹவுஸை அளந்து கொடுக்கத்தான் ஆள் வந்திருக்கிறது என்ற நினைப்பு. நான் வெங்காயத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் அதிகாரி. நல்ல மனிதர், நெற்றி வியர்த்திருந்தது. “இவங்க உங்களுக்கு என்ன உறவுன்னு எழுதணும்.”

“எழுதுங்க. இந்த வீட்டுக்காரங்க.”

“அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையே மேடம். கணவர், பிள்ளை, பெத்தவங்க, கூடப்பொறந்தவங்க. தங்கச்சியா?”

“எம்பட நெத்தியப் பாருங்க, அவங்க கழுத்தப் பாருங்க. தங்கச்சீன்னா நீங்களே நம்புவீங்களா?”

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “அப்ப வேலையாள்னு போட்டுடலாம். அவுட் ஹவுஸ்ல தங்கியிருக்காங்கன்னு ஒரே ஒரு கையெழுத்து. அப்புறம் யாரும் வந்து பாக்கப் போறதில்ல.”

டீச்சரம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “எழுதிக்க சார். வேலைக்காரின்னே எழுதிக்க. எனுக்கு இன்னா தேஞ்சிடப் போவுது?”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “எனக்குத் தேயுமுங்க. இருபத்திரண்டு வருசம் கூட இருக்கறவளை வேலைக்காரீன்னு என்ற கையால எழுத மாட்டேன்.”

“அப்ப ஒரு மாசத்துல அவங்க வெளிய போயிடணும் மேடம். என் கையில ஒண்ணும் இல்ல.”

“ரெண்டு பேரும் போயிக்கறோமுங்க.”

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். மேஸ்திரியாகி நாற்பது பேரை அதட்டிய மனிதர்தான் பிற்பாடு. அன்றைக்கு வெள்ளைச் சட்டைக்குள் சுருங்கிப்போனார்.

அவசர கேஸ் வந்தால் ஓட வேண்டிய டாக்டர், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆர்ச்சுக்கு வெளியே வாடகைக்குப் போய்க் கேட்டால், “வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?” என்பார்கள். இல்லை என்றால் வீடும் இல்லை. இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒருநாள் நான் போனபோது டீச்சரம்மா டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நான் குறிஞ்சிப்பாடில ஒரு ரூம் எடுத்துக்கறேன். சனி, ஞாயிறு வந்துட்டுப் போறேன்.”

“சனி, ஞாயிறு வர்றதுக்கு நீ என்ன விருந்தாளியா?” டாக்டரம்மா குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மறுநாள் விடிந்ததும் டாக்டரம்மா வீட்டு கேட்டில் போய் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“நல்லது பண்றேன்னு பண்ணி வெச்சதுங்கம்மா. எடம் மட்டும் காட்டுங்க. செவுரு நான் வெக்கிறேன்.”

இடம் இருந்தது. ஆர்ச் தாண்டியதும் வடலூர் போகிற சாலையில், டீச்சரம்மாவின் அப்பா அவருக்கு எழுதி வைத்த முந்திரிக் கொல்லைத் துண்டு. மிச்சம் இருந்தது பதினைந்து நாள். அதற்குள் கூரை ஏறாவிட்டால் டிரங்குப் பெட்டி பஸ் ஏறிவிடும். அப்பா கொட்டகை கொட்டகையாகப் போனார். குடலிறக்கத்துக்கு டாக்டரம்மா கையால் தையல் வாங்கிய சித்தாள், பிள்ளையின் குடல்வாலை எடுக்கக் கொடுத்த தச்சர், ‘பொம்பள கத்தி புடிக்கிறதா’ என்று முதலில் ஓடிப்போய் மூன்றாம் நாள் திரும்பி வந்த இரண்டு கொத்தனார்கள். சங்கு ஊதியதும் கரணையோடு நேராகக் கொல்லைக்கு வந்துவிட்டார்கள்.

முதல் நாள் அப்பா சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டார். முன்னறை, சமையலறை, பக்கத்தில் இரண்டு படுக்கையறை. “ஆளுக்கு ஒண்ணு. பெருசு டாக்டரம்மாவுக்கு, சின்னது டீச்சரம்மாவுக்கு.” அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் அந்த நடுக்கோட்டைப் பார்த்தேன். டாக்டரம்மா எங்களிடம் அதை மறுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். இலவசமாக வேலை செய்ய வந்தவர்களிடம் எந்த வாயால் சொல்வார்? டீச்சரம்மாவும் இருக்கட்டும் என்று விட்டுவிடுவார். குவார்ட்டர்ஸ் படிவத்தில் போடாத கையெழுத்தை இந்த வீட்டுக்குள் சுவராக வைத்துவிடப் போகிறோம்.

“அந்தச் செவுரு வேணாம்பா.”

“ஏன்டா?”

“அவங்களுக்கு ஒரே கட்டிலு. நடுவுல செவுரு வெச்சா கட்டிலை எங்க போடுவாங்க?”

அப்பா அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்தார். கடைசி வரை இழுத்தார். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய் அந்தக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார்.

“அப்ப தையல் மிஷினுக்கு ஜன்னல் ஓரமா எடம் வுடணும். வெளிச்சம் வேணும்ல” என்றார்.

சாயங்காலம் இருவரும் பார்க்க வந்தார்கள். டாக்டரம்மா கோடுகளின் மேல் அடி வைத்து அளந்தார். “ஏனுங்க மேஸ்திரி, ஒரு ரூம்புதானா?”

அப்பா தூக்குக் குண்டையே பார்த்துக்கொண்டு, “ரெண்டு போட்டா காத்து வராதுங்கம்மா” என்றார்.

“காத்துதான் முக்கியம் மேஸ்திரி” என்றார் டீச்சரம்மா. டாக்டரம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முந்திரி மரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

கல் தூக்கக் கூடாது, கரணை மட்டும் பிடிக்கலாம் என்று எனக்கு உத்தரவு. அந்த இரண்டு விரல்களால்தான் முதன்முதலில் கலவை எடுத்து வைத்தேன். பதினான்காம் நாள் கல்நார் ஓடு ஏறியது. வெளிப்பூச்சு இல்லை, ஜன்னலுக்குக் கதவில்லை, சேலையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆனாலும் பால் பொங்கியது. அந்த அதிகாரி, குவார்ட்டர்ஸ் காலி செய்த ரசீதைத் தானே எடுத்துக்கொண்டு வந்து, பாயசம் குடித்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு அம்மா சாமந்திப் பூவோடு வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரே அறை என்பதைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். “நல்லா காத்தோட்டமா இருக்கு” என்றார்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா ரிட்டயர் ஆகும் வரை அந்த வீட்டிலிருந்துதான் மொபெட்டில் போய் அறுத்துத் தைத்தார். அவர் பக்கத்தில் நின்று பழகிய இரண்டு பெண்கள் இன்றைக்குப் பெரிய ஊர்களில் சர்ஜன்கள். அவர் கடைசியாகக் கண் மூடியதும் அந்த அறையில், அந்தக் கட்டிலில்தான். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டீச்சரம்மா இன்றும் அங்கேதான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கல், ஆனால் தடவிப் பார்த்தே ஊசியில் நூல் கோக்கிறார். உங்கள் பக்கத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். ‘தனியாக வாழ்ந்து’ என்ற இடத்தை மகள் படித்தபோது, “இன்னொரு வாட்டி படி” என்றார். படித்தாள்.

“நடந்தத எழுதட்டுமா டீச்சரம்மா? உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டேன்.

“எழுது. எனுக்கு இனிமே யாரு வந்து வூட்டக் காலி பண்ணச் சொல்லப் போறான்? ஆனா, அவ தையல் கோணல்னு நான் சொன்னத மட்டும் எழுதாத.”

எழுதிவிட்டேன். அதற்கு அவரிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே குழுவினருக்கு. ‘தனியாக வாழ்ந்து’ என்பதை எடுத்துவிடுங்கள். டீச்சரம்மாவின் படத்தையும் டாக்டரம்மா படத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். வாழ்க்கைத் துணை என்று போடுங்கள், அந்தக் கட்டம் உங்கள் காகிதத்திலாவது இருக்கட்டும். வீட்டைக் கட்டியவர் என்று என் அப்பா பெயரைப் போடுங்கள். நடுச்சுவர் வேண்டாம் என்று சொன்னவன் என்று என் பெயரைப் போடுங்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என்ன தெரியும் என்று யாராவது அதை வெட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஊரில் அன்றைக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மண்டபம் கொடுத்ததற்கு எனக்கு நன்றி அச்சடிக்க வேண்டாம். இதற்குப் போடுங்கள்.